பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிறது, பெட்ரோல் பங்கில் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

நானும் ஆசிரியர்தான், ஆனால் கரும்பலகை ஆசிரியர். மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவள், விழுப்புரம் பக்கம் இருக்கிறேன். பெட்ரோலில் எத்தனால் கலப்பது பற்றிப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதங்கள் மூன்றையும் படித்தேன். படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. எத்தனாலில் தண்ணீர் இருப்பதால்தான் மைலேஜ் குறைகிறது என்கிறார் ஒருவர். பங்க்காரர்கள் அளவில் ஏமாற்றிவிட்டு எத்தனால் மேல் பழி போடுகிறார்கள் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், அதெல்லாம் மனப்பிரமை, எது கலந்தாலும் ஒரு லிட்டர் ஒரு லிட்டர்தான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அந்த மூன்றாவது கடிதத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டுவதானால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், கணக்கை வெட்டாதீர்கள்.

ஒரு லிட்டர் ஒரு லிட்டர்தான் என்று பால் சொசைட்டியில் போய்ச் சொல்லிப் பாருங்கள். கொழுப்பு எவ்வளவு, மற்ற திடப்பொருள் எவ்வளவு என்று பார்த்துத்தான் அங்கே விலை போடுவார்கள். அளவு ஒன்று, உள்ளே இருக்கும் சத்து வேறு என்பது மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எரிபொருளிலும் அதே கதைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் வரும். ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் 21 மெகாஜூல்தான். மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதில் தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை, சுத்தமான எத்தனாலுக்கே இதுதான் கணக்கு. பெட்ரோலில் கலக்கிற எத்தனால் 99 சதவீதத்துக்கு மேல் சுத்தமானது. சாதாரணமாக வடித்தால் 95 சதவீதத்தோடு நின்றுவிடும், மிச்சத் தண்ணீரையும் தனியாக உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஆகவே முதல் கடிதக்காரர் தண்ணீரை விட்டுவிடலாம். (பங்கின் தரைத் தொட்டியில் மழைத் தண்ணீர் இறங்கினால் கதை வேறு. அப்போது எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும், வண்டி நடு ரோட்டில் நின்றுவிடும். அது விபத்து, தினசரிக் கதை இல்லை.)

இப்போது 20 சதவீதக் கலப்புக்கு வருவோம். பெட்ரோல் 800 மில்லி, எத்தனால் 200 மில்லி. 25.6-உம் 4.2-உம் சேர்ந்து 29.8 மெகாஜூல். முன்பு 32 இருந்த இடத்தில் இப்போது 29.8. கிட்டத்தட்ட ஏழு சதவீதம் போச்சு. 10 சதவீதம் கலந்த பெட்ரோலிலிருந்து 20-க்கு வந்தவர்களுக்கு மூன்றரை சதவீதம். மூன்றாம் வகுப்புப் பெருக்கல்தான், இதில் அரசியல் எதுவும் கிடையாது.

சரி, எத்தனாலில் ஏன் குறைவு? முப்பத்தோரு வருடமும் பிள்ளைகள் தவறாகச் சொன்ன பதில் இந்த இடத்தில்தான் வரும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பல கைடுகளிலேயே தப்பாகத்தான் இருக்கும். "எரிபொருளின் பிணைப்புகளில் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது, பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும்" என்று எழுதுவார்கள். நான் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவேன். பிணைப்பு என்பது அணுவோடு அணு ஒட்டியிருக்கிற பிடிப்பு, எந்தப் பிணைப்பையும் உடைக்க நாம்தான் ஆற்றல் செலவழிக்க வேண்டும். சும்மா உடைந்து காசு கொடுக்கிற பிணைப்பு கிடையாது. புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவருகிறது. வாங்கியதைவிட விற்றது அதிகமானால்தானே லாபம், அந்த மாதிரி.

ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் சுலபம். 4 கிராம் ஹைட்ரஜனில் உள்ள பிணைப்புகளை எல்லாம் உடைக்க 872 கிலோஜூல் செலவு. அதோடு சேர வேண்டிய 32 கிராம் ஆக்ஸிஜனை உடைக்க 498. மொத்தச் செலவு 1370. அப்புறம் இவை சேர்ந்து தண்ணீராகும்போது ஹைட்ரஜன்-ஆக்ஸிஜன் பிணைப்புகள் புதிதாக உருவாகி 1852 கிலோஜூல் கொடுக்கின்றன. கையில் நிற்பது 482. இந்த 482-ஐ ஹைட்ரஜனுக்குள் தேடினால் கிடைக்காது. ஆக்ஸிஜனுக்குள்ளும் கிடைக்காது. இரண்டும் இன்னும் சேராமல் இருக்கின்றன பாருங்கள், அந்த நிலைமையில்தான் அது இருக்கிறது. ஊர்ப் பேச்சில் சொன்னால், எரிபொருள் என்பது ஆக்ஸிஜனிடமிருந்து வசூலாக வேண்டிய பாக்கி. பாக்கி எவ்வளவு பெரிசோ அவ்வளவு வெப்பம்.

அது வெறும் உவமை இல்லை, எண்ணிலும் சரியாக வரும். ஒரு மோல் ஆக்ஸிஜனை, அதாவது 32 கிராமை, செலவழித்து எரித்தால், பெட்ரோலில் இருக்கும் ஆக்டேன் 438 கிலோஜூல் தருகிறது. எத்தனால் 456. மீத்தேன் 445. குளுக்கோஸ் 467. பெட்ரோல், சாராயம், கேஸ், சர்க்கரை என்று என்ன பெயர் வைத்தாலும் ஆக்ஸிஜன் பக்கமிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே விலைதான். ஹைட்ரஜன் மட்டும் 572 என்று கொஞ்சம் தாராளமாக இருக்கும் (மேலே சொன்ன 482 நீராவியாக நிற்கிற வரைக்கும், இந்த எண்களெல்லாம் நீராவி குளிர்ந்து தண்ணீராகிற வரைக்கும் சேர்த்த கணக்கு). ஆக, ஒரு கிலோ எரிபொருள் இன்னும் எவ்வளவு ஆக்ஸிஜன் கேட்கிறது என்று பார்த்தாலே அதில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு கிலோ ஆக்டேன் மூன்றரைக் கிலோ ஆக்ஸிஜன் கேட்கும். ஒரு கிலோ எத்தனால் 2.1 கிலோதான் கேட்கும். ஏன் என்றால் எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்கெனவே ஆக்ஸிஜன்தான். வரும்போதே பாக்கியில் ஒரு பகுதி வசூலாகிவிட்ட சரக்கு அது. மீதியைத்தான் உங்கள் வண்டி வசூலிக்கிறது.

எங்கள் தாத்தா யுத்தகாலத்துக் கரி பஸ் பற்றிச் சொல்லுவார். இரண்டாம் உலகப் போர் சமயம் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு உருளையைக் கட்டி, அதில் கரியைப் போட்டு, காற்றாடியைச் சுற்றி மூட்டி, வருகிற வாயுவில் பஸ் ஓட்டினார்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்பார். சின்ன வயதில் சிரித்தேன், கல்லூரியில் படிக்கும்போதுதான் புரிந்தது. அந்த உருளைக்குள் கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. ஒரு ஆக்ஸிஜன் சேர்ந்தாகிவிட்டது, இன்னொன்றுதான் பாக்கி. அதோடு காற்றிலிருந்து வந்த நைட்ரஜன் வேறு பாதி இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா வருகிறது. மேட்டில் தள்ளாமல் என்ன செய்வார்கள். காட்டாமணக்கு, புங்கம் என்று கொஞ்ச காலம் பேசினோமே, அந்த பயோடீசலும் இதே ஜாதிதான், எடையில் பத்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன், அதனால் டீசல் கிலோவுக்கு 43 மெகாஜூல் தருகிற இடத்தில் இது 37.

இதைப் படிக்கிறவர்கள் நான் எத்தனாலுக்கு விரோதி என்று நினைத்துவிடக் கூடாது. உண்மையில் எனக்கு எத்தனால் மேல் ஒரு பிரமிப்பு உண்டு. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் அந்த ரோட்டில் போகிறவர்களுக்கு அந்த வாசனை தெரியும், பாகும் புளிப்பும் கலந்து ஒரு மாதிரி அடிக்கும். சர்க்கரைப் பாகில் ஈஸ்ட் செய்கிற வேலையைக் கணக்காகப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 180 கிராம் குளுக்கோஸை எடுத்து 92 கிராம் எத்தனாலாகவும் 88 கிராம் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. எடையில் பாதி நுரையாகக் காற்றில் போய்விடுகிறது. ஆனால் வெப்பக் கணக்கு? குளுக்கோஸில் 2805 கிலோஜூல் இருந்தது. எத்தனாலில் 2734 இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு! போன பாதி எடை முழுக்க முழுக்க எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி, அதில் ஒன்றும் கிடையாது. இருந்த சத்தெல்லாம் மிச்சப் பாதியில் திரண்டு நிற்கிறது. ஈஸ்ட் தனக்கென்று எடுத்துக்கொள்வது மிச்சம் மூன்று சதவீதத்தில் ஒரு பகுதியைத்தான், அந்தத் தொட்டி வெதுவெதுப்பாக இருப்பதும் அதனால்தான். இவ்வளவு குறைந்த கமிஷனில் வேலை செய்கிற தரகரை நான் பார்த்ததில்லை. (அப்புறம் அதைக் காய்ச்சி வடிக்க நிறைய நீராவி வேண்டும், அதற்குக் கரும்புச் சக்கையை எரிக்கிறார்கள். அந்தச் செலவு தனி.)

அந்த 2805 எங்கிருந்து வந்தது என்றால் கரும்புத் தோகையில் விழுந்த வெயில். இலை செய்கிற வேலை ஒன்றுதான், தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஆக்ஸிஜனைப் பிரித்து வெளியே விட்டுவிட்டு, மிச்ச ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்ப்பது. பெட்ரோலிலும் அதேதான், கோடிக்கணக்கான வருடங்களுக்கு முந்தைய வெயில், பூமிக்கடியில் வெந்து ஆக்ஸிஜன் முழுக்கக் கழன்றுபோன சரக்கு. அதனால்தான் பெட்ரோல் அவ்வளவு வலுவாக இருக்கிறது. ஆறு மாதக் கரும்பையும் அதையும் ஒரே தராசில் வைத்து லிட்டர் லிட்டராக விற்றால் எப்படி? ஆறு மாதம் என்று தவறாக எழுதிவிட்டேன், கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதப் பயிர். தம்பி படித்தால் திட்டுவான்.

தம்பி கரும்பு போடுகிறான். அவனுக்கு ஆலையில் எப்படிக் காசு கொடுக்கிறார்கள் தெரியுமா? வெறும் டன் கணக்கில் இல்லை. மத்திய அரசு அறிவிக்கிற விலையே 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானத்துக்கு (கரும்பு எடையில் கிடைக்கிற சர்க்கரையின் பங்கு) இவ்வளவு என்றுதான் வரும், கட்டுமானம் கூடினால் விலை கூடும், குறைந்தால் குறையும். மழை அதிகமான வருடம் சாறில் தண்ணீர் ஏறி, கட்டுமானம் ஒன்பதரைக்கு இறங்கினால் வீட்டில் முகமே சரியிருக்காது. நிலக்கரியை எடுத்துக்கொள்ளுங்கள், 2012 ஜனவரியிலிருந்து அதன் தரமும் விலையும் கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி என்ற கணக்கில்தான். இயற்கை எரிவாயுவைக் கம்பெனிகள் தங்களுக்குள் வாங்கி விற்பது வெப்ப அலகுக் கணக்கில், எம்.எம்.பி.டி.யு. என்று பொருளாதாரப் பக்கத்தில் நீங்களே போடுகிறீர்கள். ஆக விவசாயி விற்கும்போது சத்து பார்க்கிறோம், கம்பெனிகள் வாங்கும்போது வெப்பம் பார்க்கிறோம். ஸ்கூட்டருக்கு நூறு ரூபாய்க்குப் போடுகிற ஆளிடம் மட்டும் லிட்டர் லிட்டர்தான் என்கிறோம்.

அந்த மூன்றாவது கடிதக்காரரின் வீட்டிலும் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். அதைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நூறு கிராமில் இத்தனை கிலோகலோரி என்று சட்டப்படி அச்சடித்திருப்பார்கள், பெரும்பாலும் 450-க்குப் பக்கத்தில் இருக்கும். அதுவும் இதே பாக்கிதான், வசூலிக்கிற இடம் மட்டும் வேறு, சிலிண்டருக்குப் பதில் நம் உடம்பு. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 7,600 கிலோகலோரி. ஐந்து ரூபாய் பிஸ்கட்டுக்குச் சொல்ல வேண்டிய விஷயத்தை நூறு ரூபாய் பெட்ரோலுக்குச் சொல்ல வேண்டாமா?

பிரேசிலில் ஓரளவு இதைச் செய்துகொள்கிறார்கள். அவர்கள் 1975-லேயே கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியவர்கள், 2003-லிருந்து எந்தக் கலவையிலும் ஓடக்கூடிய கார்கள் அங்கே விற்பனையில் இருக்கின்றன. பங்கில் எத்தனால் தனிக் குழாயில், தனி விலையில் கிடைக்கும். அங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு மனக்கணக்கு உண்டு, எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால் போடு, மேலே போனால் பெட்ரோல் போடு. 21-ஐ 32-ஆல் வகுத்தால் 66 சதவீதம் வரும், அங்கே பெட்ரோலிலேயே கால் பங்குக்கு மேல் எத்தனால் கலந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 70-க்குப் பக்கத்தில் வந்துவிடும். வேதியியல் படிக்காத டாக்ஸி டிரைவருக்கும் அது மனப்பாடம், ஏனென்றால் விலை கண்ணெதிரே இரண்டு பலகையில் இருக்கிறது. நமக்கு ஒரே குழாய், ஒரே விலை. கலப்பு 2022-இல் பத்து சதவீதமாகி, 2025-இல் இருபதாகிவிட்டது, 2030-க்கு வைத்திருந்த இலக்கு ஐந்து வருடம் முன்னாலேயே முடிந்தது என்று பெருமைப்பட்டோம். பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன். நுகர்வோர் பக்கம் என்ன மாறியது என்பதைத்தான் கேட்கிறேன்.

அரசு தரப்பே மறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிதி ஆயோக் 2021-இல் போட்ட எத்தனால் திட்ட அறிக்கையில், கலப்பே இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்துப் பத்து சதவீதத்துக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், அந்த மாதிரி இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும், புது வடிவமைப்புக் கார்களில் 1 முதல் 2 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நுகர்வோருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்ட வரிச் சலுகை கொடுக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. பங்கில் இன்னும் அந்தச் சலுகையை நான் பார்க்கவில்லை. எத்தனால் மலிவு, அதனால் விலையைக் குறை என்று சிலர் கேட்பதிலும் அர்த்தமில்லை. 2025 ஜூலை முடிவில் எண்ணெய் நிறுவனங்கள் எத்தனால் வாங்கும் சராசரி விலை போக்குவரத்தும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து லிட்டர் 71 ரூபாய் 32 காசு என்று பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது, வரி போடுவதற்கு முந்தைய அப்போதைய பெட்ரோல் விலையைவிட அது கூடுதலாக இருந்தது. வெப்பக் கணக்கில் பார்த்தால் இன்னும் கூடுதல். சரி, அந்தக் காசில் ஒரு பங்காவது அரபு நாட்டுக்குப் போகாமல் என் தம்பி மாதிரி ஆட்களிடம் போகிறது, அதற்கு ஒரு விலை கொடுக்கலாம் என்று முடிவெடுத்தால் எனக்கும் சம்மதமே. ஆனால் விலை என்ன என்று பில்லில் இருக்க வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டு லிட்டருக்கு ஏழு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் நமக்கு வராமல் போகிறது.

இனி என் ஸ்கூட்டர். 2016-இல் வாங்கியது, கார்ப்பரேட்டர் வண்டி. டேங்கை நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரும் லிட்டரும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன், வேதியியல் ஆய்வகத்தில் பழகிய புத்தி. 2019 கடைசியில் தொடங்கி முதல் ஒன்றரை வருடச் சராசரி லிட்டருக்கு 47.5. கடைசி ஒரு வருடச் சராசரி 44.8. ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. முழுவதையும் எத்தனால் தலையில் கட்ட மாட்டேன், வண்டிக்கும் வயதாகிறது, எனக்கும் வயதாகிறது, டயரில் காற்று பார்க்க மறந்துவிடுகிறேன். ஆனால் மனப்பிரமை என்று சொன்னால் கோபம் வரும்.

கோபத்தில் ஒரு நாள் மெக்கானிக் தம்பியிடம் போய் டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் குழாய் வழியாக இறக்கித் தரச் சொன்னேன். "எதுக்கு டீச்சர், கோலம் போடவா?" என்றான். பழைய மாணவன்தான், பதினொன்றாம் வகுப்பில் என்னிடம் இரண்டு தடவை வேதியியலில் போனவன். கடை வாசலில், வெல்டிங் எதுவும் நடக்காத நேரமாகப் பார்த்து, நூறு மில்லி அளவு ஜாடியில் 80 மில்லி பெட்ரோலும் 20 மில்லி தண்ணீரும் ஊற்றி, மூடிக் குலுக்கி, ஒரு டீ குடித்து முடிக்கிற வரை வைத்தோம். எத்தனால் பெட்ரோலைவிடத் தண்ணீரோடுதான் சேர விரும்பும், கீழே இறங்கிவிடும். தெளிந்ததும் பார்த்தால் 20-இல் இருக்க வேண்டிய கோடு 35-க்குப் பக்கத்தில் நிற்கிறது. 80 மில்லியில் இருபது சதவீதம் 16. தண்ணீரும் எத்தனாலும் கலந்தால் மொத்தம் கொஞ்சம் சுருங்கும், அதைக் கழித்தால் கணக்குச் சரி. பங்க்காரர் மேல் சந்தேகப்பட்ட இரண்டாவது கடிதக்காரருக்கு இதைச் சொல்கிறேன், அளவை இந்தச் சோதனை சொல்லாது, ஆனால் என் பங்கில் கலப்பு சொன்னபடிதான் இருக்கிறது. அங்கே குழாயைப் பிடித்து நிற்கிற பையனிடம் சண்டை போடாதீர்கள், அவனுக்கு இதில் ஒரு பைசா கிடையாது. (வீட்டுச் சமையலறையில் இந்தச் சோதனையைச் செய்துபார்க்க வேண்டாம். தீக்குச்சி, அடுப்பு, செல்போன் சார்ஜர் எதுவும் பக்கத்தில் கூடாது.)

மெக்கானிக் தம்பி இன்னொன்றும் சொன்னான், கார்ப்பரேட்டர் வண்டிகளில் கலவை கொஞ்சம் மெலிந்துபோகிறது, காலையில் கிக்கர் இரண்டு உதை கூடுதலாகக் கேட்கிறது என்று. அதுவும் அதே காரணம்தான். எத்தனால் ஏற்கெனவே ஆக்ஸிஜனோடு வருவதால் அதற்குக் குறைவான காற்று போதும், பெட்ரோலுக்கு எடையில் 14.7 மடங்கு காற்று என்றால் எத்தனாலுக்கு 9 மடங்கு. கார்ப்பரேட்டரில் எரிபொருளை அளந்து விடுகிற துளையை ஜெட் என்பார்கள், பழைய வண்டியில் அது வெறும் பெட்ரோலுக்கென்று துளைத்தது, அதே காற்றைத்தான் இழுக்கும். புது வண்டிகளில் சென்சார் பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும், வண்டி நன்றாக ஓடும், டேங்க் சீக்கிரம் காலியாகும். எத்தனாலுக்கு ஆக்டேன் எண் அதிகம், தட்டாமல் எரியும், அதற்கென்றே அழுத்தம் கூட்டி எஞ்சின் கட்டினால் இழந்ததில் ஒரு பங்கை மீட்டுவிடலாம். என் 2016 ஸ்கூட்டருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஹைட்ரஜன் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று உங்கள் ஞாயிறு மலரில் எழுதியிருந்தார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப்-இல் ஹைட்ரஜன் ரயில் கட்டியிருக்கிறார்கள், சந்தோஷம். கிலோ கணக்கில் அதுதான் ராஜா, 120 மெகாஜூல், பெட்ரோலைப் போல இரண்டே முக்கால் மடங்கு. ஆனால் அந்த ஒரு கிலோவைச் சும்மா விட்டால் சுமார் 12,000 லிட்டர் இடத்தை அடைக்கும், சென்னைத் தெருவில் வருகிற பெரிய தண்ணீர் லாரி ஒன்று முழுக்க. அதை 700 மடங்கு காற்றழுத்தத்தில் அமுக்கினால் 25 லிட்டர் கேன் அளவுக்கு வரும், அமுக்குவதற்கே அதிலிருக்கும் ஆற்றலில் பத்து சதவீதத்துக்கு மேல் செலவு. ரயிலில் இடம் இருக்கிறது, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இல்லை.

பேட்டரி வண்டிக்காரர்கள் கேட்பார்கள், எங்களுடையது என்ன என்று. மூன்று யூனிட் பேட்டரி என்றால் 10.8 மெகாஜூல், லிட்டர் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல்தான். அதை வைத்து நூறு கிலோமீட்டர் ஓடுகிறது, ஏனென்றால் மோட்டார் அநேகமாக எதையும் வீணாக்குவதில்லை. என் எஞ்சின் நாலில் மூன்று பங்கை சைலன்ஸர் வழியாகவும் சூடாகவும் விட்டுவிடுகிறது. கனம் மட்டும் ஏன் அவ்வளவு என்றால், பேட்டரி எரிபொருள், ஆக்ஸிஜன் மாதிரி வினையில் சேர வேண்டிய இரண்டு தரப்பையும் வயிற்றில் சுமக்கிறது. பெட்ரோல் வண்டி ஒரு தரப்பை மட்டும்தான் சுமக்கிறது, ஒரு லிட்டருக்குச் சேர வேண்டிய இரண்டரைக் கிலோ ஆக்ஸிஜனை வழியிலேயே ஓசியில் இழுத்துக்கொள்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குளிர்சாதனப் பெட்டியில் நட்சத்திரம் ஒட்டுகிறார்கள், பிஸ்கட்டில் கலோரி போடுகிறார்கள். பங்கில் விலை ஓடுகிற அந்தப் பலகையில் இன்னும் இரண்டு எண்ணுக்கு இடம் இருக்கிறது, எத்தனால் இத்தனை சதவீதம், லிட்டருக்கு இத்தனை மெகாஜூல். விலையைக் குறைப்பதா, வரியில் கழிப்பதா என்பதைச் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ பேசிக்கொள்ளட்டும், முதலில் எண்ணைப் போடட்டும். நீங்களும் தினமும் முதல் பக்க மூலையில் பெட்ரோல் விலை போடுகிறீர்களே, அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் 29.8 என்று போடலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

மைலேஜ் நோட்டின் நகல் வேண்டுமானால் அனுப்புகிறேன். 2019 நவம்பரிலிருந்து இருக்கிறது, ஊரடங்கு மாதங்கள் மட்டும் காலி. ஒரு பக்கத்தில் பேத்தி யானை வரைந்திருக்கிறாள், அதற்கடியில் இருக்கும் எண் 46.2.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்
(பெயர் போட வேண்டாம், பழைய மாணவர்கள் மைலேஜ் கேட்டு வீட்டுக்கே வந்துவிடுவார்கள்)